மூக்கு நேராக்கும் இடுக்கி

என் நாத்தனார் பத்தொன்பது வருஷம் உண்மையை மட்டுமே எழுதிச் சம்பளம் வாங்கியவர். மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. வீடு வீடாகப் போக வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன எண் ஓடுகிறதோ அதை அப்படியே குறித்துக்கொண்டு வர வேண்டும். நாலை எட்டாக்க முடியாது. எட்டை மூன்றாக்க முடியாது. "உங்க வேலையில கற்பனைக்கு இடமே இல்லையேக்கா" என்று ஒரு தடவை நான் சொன்னேன். "அதான் மிச்சம் பண்ணி வாயில வெச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

ஊருக்கு அவர் மீட்டரம்மா. குட்டை உருவம், வேகமான நடை, தோளில் காக்கிப் பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட டார்ச். மீட்டர் பெட்டியை யாரும் வரவேற்பறையில் வைப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில், பழைய சாமான் போடும் அறையில், கதவு முழுசாகத் திறக்காத ஏதாவது ஒரு மூலையில்தான் அது இருக்கும். அதனால், விருந்தாளிக்குக் காட்டாத பொருள்களை எல்லாம் மீட்டரம்மாதான் பார்ப்பார். துருப்பிடித்த கொக்கி, பல் போன கத்தரி, யார் செய்தது எதற்குச் செய்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாத இரும்பும் மரமும்.

வினை ஆரம்பித்தது வக்கீல் வீட்டில்.

அந்த வக்கீலுக்கு ஒரு குணம். "தெரியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவர் மனைவிகூடக் கேட்டதில்லை. அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மரத்தால் ஆன ஒரு இடுக்கி கிடந்தது. வாத்தின் அலகு மாதிரி நீண்டு, முனை மழுங்கி, வழவழவென்று இருந்தது. பிடியை அழுத்தினால் அலகு திறக்கும், விட்டால் கவ்வும். மீட்டரம்மா அதை எடுத்துப் பார்த்து, "இது என்ன சார்?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "இதா? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா. நீயே சொல்லேன், பாக்கலாம்."

பத்தொன்பது வருஷமாக மிச்சம் பிடித்தது அந்த நிமிஷம் வாய்க்கு வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியாததா சார்? மூக்கு நேராக்கற இடுக்கி. அந்தக் காலத்துல பெரிய வீடுகள்ல வெச்சிருப்பாங்க. தினம் கால் மணி நேரம் மாட்டிக்கிட்டா ஆறே மாசத்துல கோணல் மூக்கு நேராயிடும்."

"கரெக்ட்!" என்று வக்கீல் தொடையில் தட்டினார். "நீ சொல்றியான்னு பாத்தேன். எங்க தாத்தா படத்தைப் பாரு, மூக்கு அளவுகோல் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கும்."

மீட்டரம்மா தாத்தா படத்தைப் பார்த்தார். மூக்கு நேராகத்தான் இருந்தது. ரீடிங்கைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததாக என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அடுத்த ரீடிங்குக்குப் போனபோது இடுக்கி வரவேற்பறைக்கு வந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல். வக்கீலின் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் அதை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வழக்கைப் பற்றியே பேசினார்களாம்.

இந்தச் செய்தி பரவியதும் மீட்டரம்மாவுக்குப் பெயர் வந்துவிட்டது. "பழைய சாமான்ல அந்தம்மாவுக்குத் தெரியாதது எதுவும் இல்ல" என்று ஊர் பேசியது. ரீடிங் எடுக்க வரும் நாள் தெரிந்து, பெட்டிமேலேயே பொருளை எடுத்துவைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். இவரும் யாரையும் ஏமாற்றத்தோடு அனுப்பவில்லை. மருந்துக்கடைக்காரர் காட்டியது ஒரு கத்தரி. ஒரு அலகின் மேல் சின்னப் பெட்டி வைத்திருந்தது. "ஈ பிடிக்கிற கத்தரி. பறக்கற ஈயை நறுக்குன்னு பிடிச்சா, செத்தது பெட்டிக்குள்ள விழுந்துடும், கையில படாது" என்றார். மருந்துக்கடைக்காரர் சுத்தத்துக்குப் பேர்போனவர். மனம் குளிர்ந்துபோனார். தையல்காரப் பெண் வீட்டில், பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி, நுனி கூராக ஒரு இரும்பு. "பெண் வீட்டார் தலையணை சீதனம் தரும்போது, உள்ள பஞ்சா மரத்தூளான்னு குத்திப் பாக்கற ஊசி." ரொட்டிக்கடைக்காரருக்கு நெஞ்சுவரை தாடி. அவர் வீட்டில் கிடைத்தது நீளப் பிடி வைத்த சின்னக் கொக்கி. அவருக்குச் சொன்னது, "தாடிச் சிக்கு எடுக்கற கொக்கி."

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வீட்டிலும் ஒரு கொக்கி இருந்தது. அது அவருடைய மாமனார் விட்டுப்போன பெட்டிக்குள் இருந்தது. அதற்கு என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாவது வருஷம் ஊர் நூலகர் ஒரு காரியம் செய்தார்.

நூலகர் ஒல்லியான மனிதர், காதுமேல் எப்போதும் பென்சில். ஒரு புத்தகத்தின் அட்டவணைச் சீட்டில் பக்க எண் விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். வீடுகளில் இருக்கும் பழைய கைக்கருவிகளை நூலகத்துக்குக் கொண்டுவர வேண்டும், கூடவே அது எதற்கு என்று ஒரு அட்டையில் எழுதித் தர வேண்டும், ஒரு மாதம் கண்காட்சி. அடியில் பெரிய எழுத்தில்: கருவிகளை இனம் கண்டு சொன்னவர் மீட்டரம்மா. சனிக்கிழமை அவரே திறந்து வைத்து விளக்கம் சொல்வார்.

திங்கட்கிழமை மத்தியானம் மீட்டரம்மா என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"என்னக்கா ஆச்சு?"

"நூலகத்துக்கு எட்டிப் பாத்துட்டு வரேன். என் பொய் எல்லாம் ஒரே ரூம்ல வரிசையா உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் அட்டை வேற. நான் சொன்னதுக்கு மேல இவங்க ரெண்டு வரி சேத்து எழுதியிருக்காங்க."

"பொய்யா?" என்றேன். நிஜமாகவே எனக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினார். நான் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூக்கு, ஈ, தலையணை, தாடி. சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் வீட்டு அலமாரியில் வழுவழுப்பான மரத்தில், காளான் வடிவத்தில் ஒரு பொருள் உண்டு. தலைவலி வந்தால் உச்சியில் வைத்து உருட்ட வேண்டியது என்று இதே அக்கா சொல்லித்தான், என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உருட்டிக்கொள்வார். நல்ல குணம் தெரிகிறது என்று ஆபீஸில் நாலு பேருக்குச் சிபாரிசும் செய்திருந்தார்.

"அது?"

மீட்டரம்மா தரையைப் பார்த்தார். "வக்கீல் வீட்டுக்கு முன்னாடியே அது. தம்பிகிட்டதான் ஒத்திகை பாத்தேன்."

"கூடப் பொறந்த தம்பி!"

"கூடப் பொறந்தவன்தானே கோச்சுக்க மாட்டான்?"

கோபிக்க நேரமில்லை. விஷயம் அதைவிட மோசம். ரொட்டிக்கடைக்காரர் கொக்கியும் போஸ்ட்மாஸ்டர் கொக்கியும் ஒரே அச்சு. இரண்டையும் நூலகர் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்றின் அட்டையில் தாடி. இன்னொன்றில் வேறு கதை. கண்ணிருக்கிற எவருக்கும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அட்டையை மாத்தி வெச்சுடலாமா?" என்றார்.

"ரெண்டும் ஒரே மாதிரி கொக்கின்னு சொல்றீங்க. மாத்தி வெச்சா மட்டும்?"

"அதுவும் சரிதான்."

நான் அவர் கையைப் பிடித்து நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையை விட்டால் பாதி வழியில் ஓடிவிடுவார் என்று தெரியும். நூலகர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டைகளை ஒரே அளவில் வெட்டிக்கொண்டிருந்தார். மீட்டரம்மா எதிரே நின்றார். ரீடிங் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் உண்மையைச் சொன்னார்.

நூலகர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். காதுப் பென்சிலை எடுத்தார்.

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தி ஆறு."

"அதுல உண்மை?"

"ரெண்டு. ஒண்ணு சுத்தியல்."

"இன்னொண்ணு?"

"அதுவும் சுத்தியல்தான் சார். கொஞ்சம் சின்னது."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவருடைய மேல் உதடு மட்டும் லேசாகத் துடித்தது. கோபமா சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. இன்னும் நாலு நாள் இருக்கு. முப்பத்தி நாலு உண்மை வேணும். நானும் வரேன்" என்று எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை நேரத்தில் நூலகத்தைப் பூட்டினார்.

பொருள்களை இரண்டு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். பொருளைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்பது எளிது. ஆனால் யாரிடம் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். நூலகர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயரை விட்டுவிட்டுத் தேய்மானத்தைப் பார்க்கச் சொன்னார். எந்த இடம் தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் வேலை நடந்திருக்கிறது. பிடியில் கட்டைவிரல் பள்ளம் இருந்தால் அழுத்துகிற வேலை. நுனி பளபளத்தால் மிருதுவான எதையோ தொட்டிருக்கிறது. மீட்டரம்மா இதை இரண்டே மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். பொய் சொல்கிறவர்களுக்கு உற்றுப் பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கும்போல.

வாத்து அலகு இடுக்கியை நாடகக் கம்பெனியின் உடைக் கிடங்குக்காரர் கண்டதும் கொஞ்சினார். தோல் கையுறையைத் துவைத்துக் காயவைத்தால் விரல்கள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளுமாம். அலகை விரல் பைக்குள் விட்டு அழுத்தினால் விரிந்துகொடுக்குமாம். பெட்டி வைத்த கத்தரி, மெழுகுவர்த்தியின் கருகிய திரியை நறுக்குவதற்கு. நறுக்கிய கரி துணியில் விழாமல் பெட்டியில் விழும். எங்கள் வீட்டுக் காளான், கால் குதியில் கிழிந்த காலுறையை அதன்மேல் விரித்துத் தைப்பதற்கு. செருப்புத் தைக்கிறவர் கொக்கியைப் பார்த்துவிட்டு, "பழைய ஷூவுல லேசுக்குப் பதிலா வரிசையா பட்டன் இருக்கும். விரலால போட்டா நகம் பேந்துடும். இதைத் துளையில விட்டுப் பட்டனை இழுத்துப் போடணும்" என்றார்.

தானிய மண்டியில் மட்டும் மீட்டரம்மா கடுப்பானார். அந்தப் பிளந்த குழாய், மூட்டையைக் குத்தி உள்ளே இருக்கும் தானியத்தில் கொஞ்சம் வெளியே எடுத்துத் தரம் பார்ப்பதற்காம். "நான் தலையணைன்னேன். இவங்க மூட்டைங்கறாங்க. கிட்டத்தட்ட உண்மையைச் சொல்லியிருக்கேன். சே!" என்று வழியெல்லாம் புலம்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பத்தி நாலு அட்டைகளை நூலகர் தன் கையால் திருத்தி எழுதினார்.

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. மீட்டரம்மா கதவருகே நின்று, தான் சொன்னது முழுக்கத் தப்பு, சரியானது இப்போது அட்டையில் இருக்கிறது, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். அடி விழுந்தாலும் விழும் என்று நான் அவர் பின்னாலேயே நின்றேன்.

அடி விழவில்லை. யாரும் நம்பவில்லை.

"கையுறையா?" என்று வக்கீல் எகிறினார். "எங்க வம்சத்துல ஒருத்தன் கையுறை போட்டதில்லம்மா."

"சார், மூக்கை நேராக்கறதுன்னு ஒரு கருவியே கிடையாது. நான் கயிறு திரிச்சேன்."

"கையுறை எல்லாருகிட்டயும் இருக்கா? இல்ல. மூக்கு எல்லாருக்கும் இருக்கு. அப்போ எதுக்குக் கருவி செய்வாங்க? நீயே சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி நின்றார். "நானே எட்டு மாசமா மாட்டிக்கிறேன். நல்லாப் பாரு. வித்தியாசம் தெரியல?"

மீட்டரம்மா பார்த்தார். நூலகரும் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திரி நறுக்குகிற கத்தரியை வைத்துத்தான் அவர் இரண்டு வருஷமாகக் கடையில் ஈ பிடித்திருக்கிறார், பதினேழு பிடித்ததற்குக் கணக்கும் வைத்திருக்கிறார். "மெழுகுவர்த்திக்குன்னா அப்போ இது எப்படி ஈயைப் பிடிச்சுது?" என்று நூலகரைக் கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் கொக்கியை எடுத்து எல்லோர் முன்னாலும் தாடியில் விட்டு இழுத்துக் காட்டினார். சிக்கு அழகாகப் பிரிந்தது. கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரோ, காலுறை விஷயம் தெரிந்த பிறகும், "யாருக்கு என்னவோ, எனக்குத் தலைவலிக்குக் கேக்குது" என்று அக்காவை முறைத்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றார். போஸ்ட்மாஸ்டர்.

அவர் வீட்டுக் கொக்கிக்கு மீட்டரம்மா சொன்ன கதை இதுதான்: அடுத்தவர் தபால் பெட்டியிலிருந்து கடிதம் திருடுகிற கொக்கி. போஸ்ட்மாஸ்டரிடம் போய் இதைச் சொன்னால் வேடிக்கையாக இருக்குமே என்று சொன்னது. அந்தப் பெட்டி யாருடையது என்று மீட்டரம்மா விசாரிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு கடிதம் தவறாமல் சேர்த்த மனிதர், தன் மாமனாரே கடிதத் திருடன் என்று நம்பிவிட்டார். மனைவியிடம் எதையும் சொல்லாமல் சுவரிலிருந்து மாமனார் படத்தைக் கழற்றிவிட்டார். அந்த அம்மா பொருளைக் கண்காட்சிக்கு அனுப்பும்போது, கணவர் எழுதிய அட்டையைப் படித்த பிறகுதான் காரணம் தெரிந்திருக்கிறது.

"ஷூவுக்கா?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். "என் மாமனார் ஷூ பட்டன் போடறதுக்கா?"

"ஆமா சார்" என்றார் மீட்டரம்மா. அந்த மாதிரிக் குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றைக்கே நூலகரும் சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அம்மா, "ரெண்டு வருஷம் எங்கப்பாவைத் திருடனாக்கி வெச்சிருந்தியேம்மா" என்றார். உட்காரச் சொல்லவில்லை. மீட்டரம்மா மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா உள்ளே போய், துணி சுற்றிய படத்தையும் ஒரு முக்காலியையும் சுத்தியலையும் கொண்டுவந்து கொடுத்தார்.

மீட்டரம்மா முக்காலிமேல் ஏறிப் படத்தை மாட்டினார்.

"கொஞ்சம் இடது பக்கம்."

நகர்த்தினார்.

"வலது பக்கம். இல்ல, இவ்வளவு வேண்டாம். ஆணி கீழே இருக்கு, புடுங்கி மேல அடி."

இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை ஆணியை முதலில் இருந்த துளையிலேயே அடிக்கச் சொன்னார். குட்டையான உடம்பு, நுனிக்காலில் நின்றால்தான் எட்டியது. மூச்சுவிடாமல் செய்தார். போஸ்ட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கும் அந்த வீட்டில் அதுவரை மன்னிப்புக் கிடைத்திருக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா மூன்று டம்ளரில் தேநீர் கொண்டுவந்தார். நாங்கள் நாலு பேர். போஸ்ட்மாஸ்டருக்கு இல்லை.

கண்காட்சி ஒரு மாதம் நடந்தது. ஊர்க்காரர்களின் நச்சரிப்புத் தாங்காமல் நூலகர் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அட்டை வைத்தார். மேலே, தொழில் தெரிந்தவர் சொன்னது. கீழே, வீட்டார் சொல்வது. கீழே இருப்பதைத்தான் எல்லோரும் குனிந்து படித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கொக்கிக்கு மட்டும் ஒரே அட்டை.

ஒரே ஒரு பொருளுக்கு மேல் அட்டை காலி. அது நூலகத்தின் பழைய மேஜை இழுப்பறையில் நூலகருக்கே கிடைத்தது. ஒரு ஜாண் நீள இரும்பு. ஒரு முனையில் நடுவே ஓட்டை போட்ட கரண்டி, இன்னொரு முனையில் இரட்டைப் பல், நடுவில் ஒரே பக்கம் மட்டும் சுற்றுகிற சக்கரம், பக்கத்தில் ஏழு என்று முத்திரை. எந்தப் பட்டறையிலும் யாருக்கும் தெரியவில்லை. தேய்மானம்கூட இல்லை. யார் கேட்டாலும் மீட்டரம்மா, "தெரியாது" என்றார்.

அதைத்தான் ஊர் துளியும் நம்பவில்லை. இத்தனை பொருளுக்குப் பதில் சொன்னவருக்கு இது தெரியாதா? ஏதோ நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாத காரியத்துக்கான கருவியாக இருக்க வேண்டும், அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கண்காட்சியிலேயே அதிகக் கூட்டம் அந்த மேஜைக்குத்தான். வயதான தம்பதிகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் நகர்ந்துபோவார்கள்.

கண்காட்சி முடிந்ததும் நூலகர் அதை மீட்டரம்மாவிடமே கொடுத்தார். "வீடு வீடாப் போறவங்க நீங்கதான். கேட்டுப் பாருங்க" என்றார். இவரும் பையில் போட்டுக்கொண்டு, ரீடிங் எடுத்தபின் காட்டிக் கேட்க ஆரம்பித்தார். ஊருக்கு அல்வா கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆளுக்கு ஒரு கதை விட்டார்கள். குதிரைக்குக் காது குடைவது. சூப்பில் விழுந்த பொத்தானை எடுப்பது. கடன் கேட்டு வருகிறவர் வீட்டு மணியை நிறுத்துவது. மீட்டரம்மா எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டு, தனி நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். நல்ல பொய்க்குப் பக்கத்தில் ஒரு டிக். வக்கீலுக்கு டிக் கிடைக்கவில்லை. ரொம்ப நீளமாம்.

போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். போஸ்ட்மாஸ்டர் வீடு. படத்துக்குப் பிறகு அந்த அம்மா வாசலில் ரீடிங் சீட்டை வாங்குவதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. மீட்டரம்மாவும் அங்கே மட்டும் அந்தப் பொருளை வெளியே எடுத்ததில்லை. அன்றைக்கு அந்த அம்மாவாகவே கையை நீட்டினார்.

"அதைக் காட்டும்மா."

வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரண்டிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சக்கரத்தைச் சுற்றினார். அவசரமே இல்லை.

"இதை எங்கப்பா வெச்சிருந்தார். பொய் சொல்றவங்க நாக்கை அளக்கற கருவி. ரெண்டு பல்லுக்கும் நடுவுல நாக்கை வெச்சு, சக்கரத்தைச் சுத்தணும். இதோ பாரு, ஏழுன்னு போட்டிருக்கு. அது சைஸ்."

மீட்டரம்மா நோட்டை எடுத்தார். எழுதினார். பெரிதாக ஒரு டிக் போட்டார்.

"எனக்கு ஏழு பத்தாதும்மா. எட்டு இருக்குமா?"

அந்த அம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. "பரண்ல தேடிப் பாக்கறேன். அடுத்த மாசம் வா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், நிறுத்தியிருந்த ஒரு காரின் கண்ணாடியில் என் நாத்தனார் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே டிரைவர் உட்கார்ந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.